அந்தரங்கம் ஓர் அமானிதம்

 

 

ஜும்ஆ நாளில் ஸூரத்துல் கஹ்ஃபு ஓதும் நற்பழக்கம் அல்லாஹ்வின் அருளால் நம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. அந்த அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தில் ஒரு சொல்லைச் சில முஸ்ஹஃபுகளில் பெரிய எழுத்திலோ சிவப்பு மையிலோ அச்சிட்டிருப்பார்கள். 'வல்யதலத்தஃப்' என்பதே அந்தச் சொல். எழுத்துக் கணக்கின்படி குர்ஆனின் நடுப்பகுதி அங்கே அமைகிறது என்று சொல்லி நம் உஸ்தாதுமார்கள் அதைச் சுட்டிக் காட்டுவார்கள். சொல்லை நாம் அறிவோம். அது எந்தச் சந்தர்ப்பத்தில் வருகிறது என்பதைச் சிந்தித்திருக்கிறோமா?

ஈமானைக் காத்துக்கொள்ள ஊரைவிட்டு ஓடி வந்த இளைஞர்கள், நெடுங்காலம் உறங்கிய பின் விழித்தெழுகிறார்கள். பசிக்கிறது. அனைவரும் கடைத்தெருவுக்குப் போனால் பிடிபடுவார்கள். எனவே தங்களுள் ஒருவரிடம் வெள்ளிக்காசைக் கொடுத்து அனுப்புகிறார்கள். எது தூய்மையான உணவோ அதைப் பார்த்து வாங்கி வரவேண்டும். நயமாக நடந்துகொள்ள வேண்டும். நம்மைப் பற்றி எவருக்கும் தெரிவித்துவிடக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒருவர் தம் காரியத்துக்காக மற்றொருவரை நியமிக்கும் 'வகாலத்' என்னும் ஃபிக்ஹுச் சட்டத்துக்கு இந்த வசனத்தில் ஆதாரம் இருப்பதாக இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள் தம் விரிவுரையில் எடுத்துக் காட்டியுள்ளார்கள்.

தேவையானதை வாங்க வேண்டும். ஆனால் வாங்குபவர் யார் என்பதைக் கடைத்தெரு அறியக் கூடாது. குகைத் தோழர்களின் இந்தத் தேவை இன்று உங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உங்கள் கையிலுள்ள கைப்பேசியைப் பற்றியே சொல்கிறேன்.

எட்டிப் பார்க்கும் கண்

பிறர் இல்லங்களில் அனுமதி பெறாமலும் ஸலாம் சொல்லாமலும் நுழையக் கூடாது என அல்லாஹ் ஸூரத்துந் நூரில் கட்டளையிடுகிறான். திரும்பிச் செல்லுமாறு வீட்டார் சொன்னால் மனக்கசப்பின்றித் திரும்பிவிட வேண்டும். அதுவே தூய்மையானது என்றும் கற்றுத் தருகிறான் (24:27, 28). அதே அத்தியாயத்தில், ஒரே வீட்டில் வாழும் பருவமடையாத பிள்ளைகளும் பணியாட்களுமேகூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று விதிக்கிறான் (24:58). துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் தடுக்கிறான் (49:12). தடுக்கப்பட்ட இந்தச் செயலுக்கு மார்க்கத்தில் 'தஜஸ்ஸுஸ்' என்று பெயர்.

ஒருமுறை ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களின் அறையை அதன் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தார். அண்ணலார் அப்போது இரும்புச் சீப்பால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்ப்பது முன்பே தெரிந்திருந்தால் அந்தச் சீப்பாலேயே கண்ணில் குத்தியிருப்பேன் எனக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் ஏற்படுத்தப்பட்டது என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

அந்த மனிதர் வீட்டுக்குள் காலடி வைக்கவில்லை, எதையும் திருடவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். கருணையே வடிவான நபி (ஸல்) அவர்களிடமிருந்து அதற்கே அத்துணைக் கடுமையான சொல் வந்தது. பார்ப்பது சிறிய விஷயம் என்று எண்ணும் நம் காலத்துக்கு இந்த ஹதீஸ் ஒரு சவுக்கடி.

இன்று துவாரம் எங்கே?

நம் வீட்டு வாசலில் திரை தொங்குகிறது. ஜன்னலுக்குக் கதவு இருக்கிறது. ஆனால் வீட்டார் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. அதன் வழியாக நாம் உலகைப் பார்க்கிறோம். உலகமும் நம்மைப் பார்க்கிறது.

பெரும் இணையத் தளங்கள் பலவற்றில் நாம் பணம் கொடுப்பதில்லை. விளம்பரக்காரர்களே பணம் கொடுக்கிறார்கள். எந்த விளம்பரத்தை யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்பதை அறிய, பார்ப்பவர் யார் என்பதை அறிய வேண்டும். எனவே நீங்கள் எந்தக் காணொளியைத் திறந்தீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எதைத் தேடினீர்கள், எந்த ஊரிலிருந்து, எந்தக் கருவியிலிருந்து என்பவையெல்லாம் குறித்து வைக்கப்படுகின்றன. குக்கீ எனப்படும் சிறு அடையாளக் குறி உங்கள் உலாவியில் வைக்கப்படுகிறது. அடுத்த முறை வரும்போது நேற்று வந்தவரே இவர் என்று அது காட்டிக் கொடுக்கிறது. கணக்குத் திறந்து உள்நுழைந்திருந்தால் பெயரோடு சேர்த்தே பதிவாகிவிடும்.

இது வெறும் அச்சமா என்று கேட்பவர்களுக்காக, உலகம் அறிந்த சில நிகழ்வுகளைச் சொல்கிறேன். சிறுவர்களின் தகவல்களைப் பெற்றோரின் சம்மதமின்றித் திரட்டியதான குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள, கூகுளும் அதன் யூடியூபும் 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. கணக்கின் பாதுகாப்புக்கென்று வாங்கிய தொலைபேசி எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திய விவகாரத்தில் ட்விட்டர் நிறுவனம் 2022ஆம் ஆண்டு 15 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கியதை வேறொன்றுக்குப் பயன்படுத்துவதை நம் மார்க்கத்தில் அமானித மோசடி என்போம்.

நம் உள்ளத்தை இன்னும் நெருங்கித் தொடும் செய்தி ஒன்று உண்டு. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' என்ற செயலி உலகெங்கும் 9 கோடியே 80 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல்கள் எக்ஸ்-மோட் என்ற வணிக நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்த நிறுவனம் அமெரிக்க இராணுவத்தோடு தொடர்புடைய ஒப்பந்ததாரர்களுக்கு இருப்பிடத் தகவல்களை விற்றுவந்ததையும் 2020 நவம்பரில் 'மதர்போர்ட்' என்ற அமெரிக்க இணைய இதழ் வெளிக்கொணர்ந்தது. இராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று செயலியின் நிறுவனத்தார் மறுத்தார்கள்; எக்ஸ்-மோடுடனான தொடர்பையும் துண்டித்துக்கொண்டார்கள். வழிபாட்டுத் தலங்கள், மருத்துவமனைகள் போன்ற இடங்களுக்கு மக்கள் சென்று வருவதைக் காட்டும் தகவல்களை விற்கக் கூடாது என 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் எக்ஸ்-மோடையும் அதன் வாரிசு நிறுவனத்தையும் தடுத்தது. அல்லாஹ்வுக்கு ஸுஜூது செய்யத் திசை கேட்டவரின் இருப்பிடம் சந்தைச் சரக்காகிவிட்டதே! சிந்தித்துப் பாருங்கள்.

நியூயார்க் நகரக் காவல்துறை பள்ளிவாசல்களையும் முஸ்லிம்களின் கடைகளையும் வேவு பார்த்ததை 2011இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. முஸ்லிம் மாணவர் சங்கங்களின் இணையப் பக்கங்களும் கண்காணிக்கப்பட்டதாக அடுத்த ஆண்டு செய்தி வந்தது. அந்தப் பணிக்கென இருந்த பிரிவு 2014இல் கலைக்கப்பட்டது. எதையும் மறைக்கத் தேவையில்லாத எளிய மக்களே அங்கும் பட்டியலில் இருந்தார்கள். நான் தவறு செய்யவில்லை, எனக்கென்ன பயம் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு வீட்டின் கண்ணீர்

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். திருமணமாகி ஐந்தாறு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. மருத்துவரைப் பார்த்திருக்கிறார்கள். குறை யாரிடம் என்பது கணவன், மனைவி, மருத்துவர் மூவருக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெண் இரவில் மாமியாரின் கைப்பேசியில் அது தொடர்பான சில காணொளிகளைப் பார்த்துவிட்டு, பழையபடி வைத்துவிட்டார். மறுநாள் கூடத்தில் எல்லோரும் அமர்ந்திருக்க, பயான் கேட்பதற்காக மாமியார் கைப்பேசியைத் திறந்தார். ஆண்மைக் குறைவுக்கான சிகிச்சை விளம்பரமும் அதே விஷயத்தைப் பற்றிய காணொளிகளும் வரிசையாக வந்து நின்றன. அந்தக் கூடத்தில் மூத்த மருமகளும் இருந்தார்; நாத்தனாரும் இருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து தம்மால் அண்ணனின் முகத்தைப் பார்க்க இயலவில்லை என்று சொல்லி அந்தச் சகோதரர் தலைகுனிந்தார்.

அந்தப் பெண் செய்தது பாவமா? இல்லை. மருத்துவம் தேடுவது சுன்னத். அப்படியானால் அந்த இல்லத்தின் இரகசியத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்தது யார்? ஒருவர் பேசிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால் அந்தப் பேச்சு அமானிதம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (நூல்கள்: அபூதாவூத், திர்மிதீ). 'யாரிடமும் சொல்லாதே' என்று அவர் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்ததே போதும். எல்லோரும் உறங்கிய பின் ஒரு பெண் விளக்கை அணைத்துவிட்டுத் தேடுவதும் அக்கம்பக்கம் திரும்பிப் பார்ப்பதுதானே? இயந்திரத்துக்கு அந்த அதபு தெரியாது. அதைச் செய்து வைத்தவர்களுக்கு அது தேவையில்லை. எனவே நம் திரையை நாமே தொங்கவிட வேண்டியிருக்கிறது.

மாற்று முகப்பு என்றால் என்ன?

கணினி அறிந்தவர்கள் சிலர் பொதுநன்மை கருதி ஒரு வழியை உண்டாக்கியிருக்கிறார்கள். புகழ்பெற்ற ஒரு தளத்துக்கு நீங்கள் நேரே செல்லாமல், இடையில் நிற்கும் வேறொரு தளத்திடம் உங்கள் தேவையைச் சொல்கிறீர்கள். அது பெரிய தளத்துக்குச் சென்று நீங்கள் கேட்ட பக்கத்தை எடுத்து வந்து, விளம்பரத்தையும் கண்காணிப்புக் குறிகளையும் நீக்கி, உங்கள் முன் வைக்கிறது. பெரிய தளத்தின் பதிவேட்டில் உங்கள் இணைய முகவரிக்குப் பதிலாக இடையில் நிற்பவரின் முகவரியே பதிவாகிறது. கடையின் சரக்கு அதேதான். முகப்பு மட்டும் வேறு. எனவே இவற்றை மாற்று முகப்புத் தளங்கள் எனலாம்.

யூடியூபுக்கு 'இன்விடியஸ்' என்பது 2018 முதல் இருந்துவருகிறது. ட்விட்டர் என முன்பு அழைக்கப்பட்ட எக்ஸ் தளத்துக்கு 'நிட்டர்' உண்டு. ரெட்டிட் தளத்துக்கு 'ரெட்லிப்' உண்டு. இவை ஒரு முதலாளியின் சொத்தல்ல. இவற்றின் மென்பொருள் அனைவருக்கும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. விரும்புவோர் எவரும் தம் சர்வரில் நிறுவி நடத்தலாம். பல ஊர்களில் பலர் நடத்துகிறார்கள். கணக்குத் திறக்காமலேயே பார்க்கலாம். 'அடுத்து இதைப் பார், அதற்கடுத்து அதைப் பார்' என்று உங்கள் பழைய பழக்கத்தை வைத்து இழுத்துச் செல்லும் பட்டியலும் பெரிதும் குறைகிறது. தஹஜ்ஜுத் நேரம்வரை கைப்பேசியில் கழிந்துவிடுகிறதே என்று வருந்தும் இளைஞர்களுக்கு இதுவே பெரிய நிஃமத்.

குகைத் தோழர்கள் அனுப்பிய தூதரை இப்போது நினைவுகூருங்கள். அந்த ஒரு வசனத்திலேயே நாம் கைக்கொள்ள வேண்டிய நான்கு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது: அனுப்பப்படுபவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும்

'உங்களில் ஒருவரை' என்றார்கள், வழிப்போக்கரை அனுப்பவில்லை. மாற்று முகப்பு உங்கள் வக்கீல். பெரிய நிறுவனம் உங்களைப் பார்க்காமல் அவர் மறைக்கிறார். ஆனால் அவர் உங்களைப் பார்க்க முடியும். எந்தப் பக்கத்தைக் கேட்டீர்கள் என்பதை அவர் நினைத்தால் பதிவு செய்து வைக்கலாம். ஆகவே திட்டத்தாரே வெளியிடும் பட்டியலிலிருந்து, நடத்துபவர் யார், எதைப் பதிவு செய்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் தளத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிய தளத்தின் கடவுச்சொல்லை அங்கே ஒருபோதும் கொடுக்காதீர்கள். உங்கள் ஜமாஅத்தில் கணினி கற்ற நல்லிளைஞர் ஒருவர் இருந்தால், உறவினர்களுக்கும் மஹல்லாவுக்குமாக அவரே ஒன்றை நிறுவி நடத்தலாம். அப்போது அனுப்பப்படுபவர் உண்மையிலேயே உங்களில் ஒருவராகிவிடுவார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இன்விடியஸில் பக்கம் இடைத்தளத்திலிருந்து வந்தாலும், காணொளி மட்டும் நேராகக் கூகுளின் சர்வரிலிருந்து வரும் நிலை உண்டு. அவ்வாறாயின் உங்கள் முகவரி அங்கே தெரிந்துவிடும். விருப்பங்கள் பகுதிக்குச் சென்று, காணொளியையும் இடைத்தளம் வழியாகவே வரச்செய்யும் 'ப்ராக்ஸி' வசதியை இயக்கிக்கொள்ள வேண்டும். வக்கீலை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே நாமும் கடைக்குப் போய் நின்றால் என்ன பயன்?

இரண்டாவது: காசு கொடுத்து அனுப்பினார்கள்

இது பலரும் மறந்துவிடும் பாடம். மறைந்து வாழ்ந்த நிலையிலும், பசித்த நிலையிலும் அவர்கள் இலவசமாக எடுத்துவரச் சொல்லவில்லை. வெள்ளிக்காசு கொடுத்தார்கள். மாற்று முகப்பில் விளம்பரம் வராது. எனவே காணொளியை உருவாக்கிய உழைப்பாளிக்கு விளம்பரத்தால் கிடைக்கும் பங்கும் வராது. இதைச் சொல்லாமல் மறைப்பது நேர்மையன்று.

நம் வீட்டின் இரகசியத்தை விலையாகக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை என்பதே என் கருத்து. அதற்காக உழைத்தவரின் உரிமை இல்லாமல் போய்விடாது. ஓர் ஆலிமின் பயானால், ஓர் ஆசிரியரின் பாடத்தால் நீங்கள் தொடர்ந்து பயனடைந்தால் நேரடியாக அவருக்கு உதவுங்கள். அவருடைய நூலை வாங்குங்கள். அவருடைய மத்ரஸாவுக்குக் கொடுங்கள். பிறருடைய காணொளியை எடுத்துத் தம் பெயரில் வெளியிடுவது எந்த வழியில் செய்தாலும் மோசடியே. ஒரு தளத்தில் கணக்குத் திறந்து அதன் நிபந்தனைகளுக்கு ஒப்பமிட்டவர், ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லும் ஸூரத்துல் மாயிதாவின் முதல் வசனத்தை நினைவில் கொள்ள வேண்டும். நிபந்தனை பிடிக்கவில்லையெனில் கணக்கை மூடுவதே கண்ணியமான வழி.

பெரிய நிறுவனங்கள் இத்தகைய முகப்புகளை விரும்புவதில்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 2023 ஜூனில் இன்விடியஸை நிறுத்துமாறு யூடியூப் தரப்பு அறிவிப்பு அனுப்பியது. தாங்கள் யூடியூபின் அதிகாரபூர்வ இணைப்பு வசதியைப் பயன்படுத்தவில்லை. ஆகவே அதன் நிபந்தனைகளுக்கு ஒப்பமிட்டவர்களும் அல்லர் என்று திட்டத்தார் பதில் கூறித் தொடர்ந்தார்கள். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எக்ஸ் தளம் விருந்தினராக நுழையும் வழியை மூடியதால் நிட்டர் தளங்கள் பலவும் நின்றுபோயின. சில மட்டுமே பிறகு இயங்கின. எனவே இவை இன்று திறக்கும், நாளை திறக்காமலும் போகலாம். இவற்றை வசதியாகக் கொள்ளுங்கள். இவற்றிலேயே உள்ளத்தைக் கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது: தூய்மையான உணவைத் தேடச் சொன்னார்கள்

கிடைத்ததை வாங்கி வா என்று சொல்லவில்லை; எது மிகத் தூய்மையானது எனப் பார்த்து வாங்கச் சொன்னார்கள். யாரும் பார்க்கவில்லை என்பதால் ஹராமானதைத் திறப்பவர் தூதரை அனுப்பி விஷத்தை வாங்கி வரச் செய்தவராவார்.

அன்பர்களே! இந்தத் திரை மனிதர்களுக்கே. அல்லாஹ்வுக்குத் திரை இல்லை. திஹாமா மலைகளைப் போன்ற நன்மைகளோடு வரும் சிலரின் அமல்களை அல்லாஹ் மறுமையில் சிதறிய தூசியாக ஆக்கிவிடுவான். தனிமையில் இருக்கும்போது அல்லாஹ் தடுத்தவற்றை அவர்கள் மீறிவந்ததே காரணம் என்று அண்ணலார் எச்சரித்ததாக ஸவ்பான் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (நூல்: இப்னு மாஜா). குக்கீயை நீக்கிவிடலாம், பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிடலாம், கிராமன் காத்திபீன் எழுதியதைத் தவ்பாவைத் தவிர எதனாலும் அழிக்க இயலாது. பாவத்தை மறைக்க இந்த வழியைத் தேடுபவருக்கு நான் எதையும் கற்றுத் தரவில்லை. மானத்தைக் காக்கத் தேடுபவருக்கே சொல்கிறேன்.

நான்காவது: நயமாக நடந்துகொள்ளுதல்

'வல்யதலத்தஃப்' என்ற அந்த நடுச்சொல் இங்கேதான் வருகிறது. காத்துக்கொள்வதிலும் ஒரு நயம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்துவிடுவதும், கைப்பேசியைச் சுவரில் அடிப்பதும், குடும்பத்தாரோடு சண்டையிடுவதும் தேவையில்லை. சிறிது சிறிதாகச் செய்யுங்கள்.

கணினியில் பயர்ஃபாக்ஸ் உலாவி வைத்திருப்போர் 'லிப்ரீடைரக்ட்' என்ற துணைநிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். யூடியூப் போன்ற தளத்தின் இணைப்பை யாராவது அனுப்பி நீங்கள் தொட்டால், அது தானாகவே மாற்று முகப்புக்குக் கொண்டுசெல்லும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'எஃப்-டிராய்டு' வழியாக 'நியூபைப்' என்ற செயலியை நிறுவலாம். கணினிக்கு 'ஃப்ரீட்யூப்' உண்டு. இவற்றில் கணக்கின்றியே உங்களுக்குப் பிடித்த பயான் பக்கங்களைச் சேர்த்து வைக்கலாம். அந்தப் பட்டியல் உங்கள் கருவியிலேயே இருக்கும். ஆனால் நியூபைப் இடையில் எவரையும் நிறுத்தாமல் நேரே யூடியூபிடம் கேட்டுப் பெறுகிறது. எனவே உங்கள் இணைய முகவரி அங்கே தெரியும். இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் தம் இணையப் பக்கத்தில் பயான் காணொளியை இணைக்கும்போது, 'யூடியூப்-நோகுக்கீ' என்ற முகவரியைப் பயன்படுத்தலாம். வருகிறவரின் பார்வை அவருக்கு விளம்பரம் தேர்ந்தெடுக்கப் பயன்படாமலிருக்க யூடியூபே வழங்கும் வசதி இது. நம்மைத் தேடி வருபவரின் பாதுகாப்பும் நம் பொறுப்பல்லவா?

தொழுகை நேரச் செயலியிடம் இருப்பிட அனுமதியை மறுத்துவிட்டு ஊரின் பெயரைக் கையால் தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாத செயலி வேண்டாம். பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணை எவரிடமும் உங்களைக் காட்டிக் கொடுப்பதில்லை.

பலர் பயன்படுத்தும் குடும்பக் கைப்பேசியில் எவருடைய கணக்கும் திறந்தபடி இருக்க வேண்டாம். மருத்துவம், கடன், குடும்பப் பிணக்கு போன்றவற்றைத் தேடும்போது கணக்கிலிருந்து வெளியேறி, தனி உலாவியில் தேடுங்கள். நான் மேலே சொன்ன வீட்டில் இந்தச் சிறு வழக்கம் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கூடத்தில் ஒருவரும் தலைகுனிய நேர்ந்திராது.

வீட்டுக்குள்ளும் ஒரு வாசல் உண்டு

நிறுவனங்கள் வேவு பார்ப்பதைக் குறை கூறும் நாம், நம் வீட்டில் என்ன செய்கிறோம்? மனைவி உறங்கும்போது அவளுடைய கைப்பேசியைத் திறந்து பார்க்கும் கணவர்கள் இல்லையா? வளைகுடாவில் இருந்தபடி வீட்டாரின் ஒவ்வோர் அசைவையும் செயலி வைத்துக் கண்காணிப்பவர்கள் இல்லையா? மகனின் கைப்பேசியை மருமகள் பார்க்க, மருமகளின் கைப்பேசியை மாமியார் பார்க்க, சந்தேகம் வளர்ந்து தலாக்வரை வந்த வழக்குகள் ஜமாஅத்தாரின் முன்னால் வருவதில்லையா?

பயணம் சென்றவர் தம் குடும்பத்தாரைச் சந்தேகித்தும் குறைகளைத் தேடியும் இரவில் திடீரென வந்து நிற்பதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (நூல்: முஸ்லிம்). மக்களின் குறைகளைத் துருவிக்கொண்டே இருந்தால் அவர்களைக் கெடுத்துவிடுவீர் என்று முஆவியா (ரலி) அவர்களிடம் கூறினார்கள் (நூல்: அபூதாவூத்). சிறு பிள்ளைகளின் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு. அதைப் பற்றி மறுமையில் விசாரணையும் உண்டு. ஆனால் அந்தக் கண்காணிப்பு வெளிப்படையாக இருக்கட்டும். கூடத்தில் அமர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், நேரம் வரையறுங்கள், உடன் அமர்ந்து பாருங்கள். ஒளிந்திருந்து பார்க்கும் தந்தையிடம் பிள்ளை கற்பது ஒளிந்துகொள்வதைத்தான்.

ஆகவே, கண்ணியத்திற்குரியவர்களே! இந்த வாரம் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். வெளியிலிருந்து பார்க்கும் கண்களுக்கு ஒரு திரையாவது தொங்கவிடுங்கள். மேலே சொன்னவற்றுள் உங்களால் இயன்ற ஒன்றைத் தொடங்குங்கள். வீட்டுக்குள் உள்ள ஒருவருடைய கைப்பேசியைக் கேட்காமல் எடுப்பதில்லை என்று உறுதி கொள்ளுங்கள். அனுமதி கேட்கும் மார்க்கம் நம்முடையது. அதை உலகுக்குச் சொல்லும் முன் நம் கூடத்தில் நடைமுறைப்படுத்துவோம்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் குறைகளை மறைத்து, நம் குடும்பங்களின் மானத்தைக் காத்து, பிறருடைய அந்தரங்கத்தை அமானிதமாக மதிக்கும் நல்லோரின் கூட்டத்தில் நம்மையும் சேர்த்தருள்வானாக! தனிமையிலும் கூட்டத்திலும் அவனை அஞ்சி நடக்கும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! குழந்தைச் செல்வத்துக்காகக் கையேந்திக் காத்திருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஸாலிஹான பிள்ளைகளை வழங்குவானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.